கடலில் இருப்பவருக்குத் தோல்வி கிடையாது

1

“அம்மா, ஃபோன்லயே லைவ் வருது. இதுக்கு எதுக்கு லிட்டில் இந்தியா வரைக்கும் போகணும்? ஸோ வேஸ்ட் ஆஃப் டைம் லா.”

என் மகள் நிவேதா சொன்னது நியாயம்தான். சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய ஆட்டம். குமரி மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் திருவிழாக் கால்பந்து இறுதிப்போட்டி. அங்கே மாலை நான்கு மணிக்குத் தொடக்கம், இங்கே ஆறரை. ஊர்ப் பையன் ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நேரலையில் விடுகிறான். கை வலித்தால் வானத்தைக் காட்டுவான். அது ஒன்றுதான் குறை.

ஆனால் இது ஊரின் வடக்குக்கரைக்கும் தெற்குக்கரைக்கும் நடக்கும் இறுதி ஆட்டம். நான் வடக்குக்கரை. எதிர்க்கட்சிக்காரன் ஒருவனாவது பக்கத்தில் இல்லாமல் பார்க்கும் ஆட்டம் உப்பில்லாத கஞ்சி. என் எதிர்க்கட்சிக்காரன் பெயர் பிரவீன். துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை, அங்கேயே தங்கும் விடுதி. ஞாயிற்றுக்கிழமைதோறும் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்கு வந்துவிடுவான். “அக்கா, வாங்க, ஒங்க கண்ணீரத் துடைக்க நாப்கின் வாங்கி வச்சிருக்கேன்” என்று காலையிலேயே குரல்செய்தி அனுப்பியிருந்தான். இதைக் கேட்டபிறகு சோபாவில் உட்கார முடியுமா?

நிவேதாவுக்கு ஐஸ் பண்டோங் என்கிற ரோஜாப்பால் ஒன்று, இரண்டு முட்டை பிராட்டா என்று ஒப்பந்தம் பேசிக் கூட்டிக்கொண்டு போனேன். அவளும் கால்பந்து ரசிகைதான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு குழுவுக்காக இங்கே மூக்கைச் சிந்துகிறாள். எங்கள் ஊர் ஆட்டத்துக்கு அவள் வைத்திருக்கும் பெயர் கம்போங் ஃபுட்பால், பட்டிக்காட்டுப் பந்து.

கிளம்பும்போது என் கணவர் மார்ட்டின் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ராத்திரிக்குக் குழம்பு சூடு பண்ணி வைக்கிறேன், சீக்கிரம் வந்துடுங்க” என்றார். அவர் திருச்சிக்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கிரிக்கெட்.

2

மார்ட்டின் அடுப்படியில் இருந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் அவர் வேலை போய்விட்டது. அவருடைய பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வேலையோடு அவருடைய அனுமதி அட்டையும் போனது. நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் என் பெயரில் அவரைச் சேர்த்துக்கொள்ள வழி இருந்தது. விண்ணப்பம் போட்டோம். கல்யாணத்தன்று பாதிரியார் எனக்குச் செய்த நீண்ட பிரசங்கத்துக்கு நேர்மாறாக, இந்த அரசாங்கம் என் கணவரை என்னைச் சார்ந்திருப்பவர் என்று எழுதிக் கொடுத்தது. அட்டையை வாங்கி வந்த அன்று மார்ட்டின் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “முதலாளியம்மா, இன்னிக்கு என்ன கொழம்பு?” என்றார். சிரித்தோம். அவர் குளிக்கப் போனதும் நான் அழுதேன்.

அதே மாதம் நிரந்தரவாசத்துக்குப் போட்டிருந்த விண்ணப்பத்துக்கும் பதில் வந்தது. காரணம் இல்லை, கோபம் இல்லை, மரியாதைக்குக் குறைவில்லை. இவ்வளவு இனிமையாக ‘இல்லை’ என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் வராது.

ஊரில் அப்பா அம்மாவிடம் இதில் ஒன்றும் சொல்லவில்லை. “மாப்ளைக்கு வீட்டுல இருந்தே வேல” என்று சொல்லி வைத்திருந்தேன். “கொள்ளாமே” என்றார் அப்பா, நல்லதுதானே என்பது போல. வேறொன்றும் கேட்கவில்லை.

அவர்கள் பக்கமும் மூன்று வாரமாக ஒரு சின்ன மாற்றம். கைப்பேசியில் கேமரா கெட்டுவிட்டதாம், அதனால் முகம் பார்த்துப் பேச முடியாதாம். அம்மாவைக் கேட்டால் எப்போதும் அடுக்களையில், இல்லையென்றால் கோயிலில். நானும் நம்பினேன். ஊரைவிட்டு வந்து இத்தனை வருடத்தில் எனக்கும் சில புத்திகள் மழுங்கித்தான் போயின. போன திருவிழாவுக்குப் போயிருந்தபோது ஊர்ச் சாப்பாட்டுப் பந்தலில் நாற்காலிமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். சிங்கப்பூரில் அந்த பாக்கெட்டைத் தாண்டி ஒருவரும் உட்கார மாட்டார்கள். திரும்பி வந்தால் என் பெரியப்பா அதைப் பிரித்து முகம் துடைத்துக்கொண்டு அதே நாற்காலியில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்.

3

நான் முதன்முதலில் பின்தொடர்ந்த இறுதி ஆட்டத்தை என் கண்ணால் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அதே திருவிழா, அதே வடக்குக்கரை, தெற்குக்கரை.

அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். எங்கள் வீட்டில் வயர்லெஸ் இருந்தது. மொட்டைமாடியில் நெட்டையாக ஒரு கம்பம், கீழே முன்னறையில் மாதா படத்துக்கு அடியில் பெட்டி. படகுகள் கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பேச்சு கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடித்ததும் ஓவர் என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். இனி உன் முறை, நீ பேசலாம் என்று அதற்கு அர்த்தம். அம்மாவுக்கு இது பழகிப்போய், “சோறு எடுத்து வச்சிருக்கேன், ஓவர்” என்று எங்களிடமே சொல்வாள்.

அந்த வயர்லெஸில் ரகசியம் கிடையாது. ஒரு படகுக்குச் சொன்னால் சுற்றியிருக்கும் அத்தனை படகுக்கும் கேட்கும். அதனால் புருஷன் பெண்டாட்டி சண்டைகளுக்கு நல்ல ரசிகர் கூட்டம் உண்டு.

அதில் ஒரு சட்டமும் உண்டு. கடலில் இருப்பவனிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது. மனம் கலங்கியவன் கை தூண்டில் முள்ளில் மாட்டும், கால் கயிற்றில் மாட்டும். எதுவாயிருந்தாலும் கரைக்கு வந்தபிறகு. அப்பாவின் அப்பா இறந்தபோதுகூட அப்படித்தான். பெட்டியை அணைத்துவிட்டு வீடே அழுதது. பிறகு அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைப் போட்டு, “மாமா சுகமா இருக்காவ, ஓவர்” என்றாள். அடக்கமெல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்துத்தான் அப்பா கரை வந்தார். கடற்கரையில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்ததுமே படகிலிருந்து இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். அதற்காக அவர் அம்மாவைக் கோபித்ததே இல்லை.

மீசைக்காகத்தான் கோபித்தார்.

4

இறுதி ஆட்டத்தன்று அப்பாவின் படகு திரும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியும்போது கரை. பக்கத்திலேயே தெற்குக்கரை சேவியரின் படகு. சேவியர் என்றால் ஒருவருக்கும் தெரியாது, மீசை சேவியர் என்றால்தான் தெரியும். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு அதைத் தடவியபடியே பேசுவார். அப்பாவுக்கும் அதற்குக் குறையாத மீசை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு பேரும் வயர்லெஸிலேயே ஊரறியப் பந்தயம் கட்டினார்கள். தோற்ற கரையின் ஆள் மீசையை எடுத்துவிட்டுத்தான் மண்ணில் கால் வைக்க வேண்டும்.

சேவியர் வீட்டில் வயர்லெஸ் இல்லை. தெற்குக்கரையில் பெட்டி இருந்த வீட்டுக்காரர்களோ கதவைப் பூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். ஆகவே இரண்டு கரைப் படகுகளுக்கும் அன்று என் அம்மாதான் வர்ணனையாளர். அம்மாவுக்குக் கால்பந்தில் தெரிந்தது, பந்து உருண்டை என்பது மட்டும்.

தம்பி ஜோஸ் மொட்டைமாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கிருந்து பார்த்தால் மைதானம் தெரியும். அவன் கத்துவதை நான் மாடிப்படியில் நின்று கேட்டு அம்மாவிடம் ஓட வேண்டும். அம்மா அதைக் கடலுக்கு அனுப்புவாள். ஆட்டம் மூன்று வாய் கடந்து அப்பாவிடம் போய்ச் சேரும்.

“நம்ம ஆளு பந்தக் கொண்டுபோறான், கொண்டுபோறான், அய்யோ, தெக்குக்கரைப் பய காலப் போட்டுட்டான். இவன் விழுந்துட்டான். சட்டையெல்லாம் மண்ணு. ஓவர்.”

“சட்டைய விடு. பந்து எங்க? ஓவர்.”

“பந்து அங்கதான் கெடக்கு. எங்க போவப்போவுது? ஓவர்.”

கடலில் ஏழெட்டுப் படகு சிரிக்கும் சத்தம் இரைச்சலோடு பெட்டியில் கேட்டது.

ஆளுக்கொரு கோல் ஆனது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஜோஸின் சத்தம் நின்றது. நான் மேலே ஏறிப் பார்த்தேன். கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். மைதானத்தில் தெற்குக்கரைப் பக்கம் சனம் துள்ளிக்கொண்டிருந்தது. கீழே வந்து, “தோத்துட்டோம்மா” என்றேன்.

“என்னாச்சு? பிலோமி, என்னாச்சு? ஓவர்” என்று பெட்டி அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அம்மா மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள். “ஜெயிச்சிட்டோம். ஓவர்.”

அப்பாவின் படகில் பாத்திரத்தைத் தட்டும் சத்தம், கூப்பாடு. அது அடங்கியபிறகு சேவியரின் குரல் வந்தது. “சரி மயினி. கேட்டாச்சு. ஓவர்.” அவ்வளவு மெலிந்த குரலில் அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அம்மா எங்கள் பக்கம் திரும்பி, “கடல்ல இருக்கியவங்களுக்குத் தோல்வி கெடையாது. போய்ப் படிங்க, ஓவர்” என்றாள்.

5

விடிந்தபோது தெற்குக்கரை முழுக்கக் கோப்பையையும் பேண்டு வாத்தியத்தையும் தூக்கிக்கொண்டு, சேவியரை வரவேற்கக் கடற்கரைக்கு வந்திருந்தது. நாங்கள் அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்றோம். சேவியர் படகிலிருந்து இறங்கினார். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வெள்ளையாக ஒரு பட்டை. உப்புத் தண்ணீரில் சிரைத்ததால் அங்கங்கே கீறல். பேண்டு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. கடைசியாக நின்றது தப்புத் தப்பாகத் தாளம் போட்ட சின்ன மேளம்.

பின்னாலேயே அப்பா, மீசையை முறுக்கியபடி, ஜெயித்தவர் நடையில் வந்தார். கோப்பை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கடலைப் பார்த்தாள்.

அப்பா நேரே சவரக்கடைக்குப் போனார். அன்று சாயங்காலம் புனிதரின் தேரை முன்னால் நின்று இழுத்த இரண்டு பேருக்கும் மீசை இல்லை. ஊர் கும்பிட வந்ததா, சிரிக்க வந்ததா என்று தெரியவில்லை.

அதன்பிறகு பல நாள் எங்கள் வீட்டில் ஒரே சண்டை. “எது நடந்தாலும் எங்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லணும், கேட்டியா?” என்பார் அப்பா. “கரையில நில்லுங்க, சொல்லியேன்” என்பாள் அம்மா. சண்டை அதற்குமேல் ஒரு அடி நகராது.

6

பிரவீன் யார் என்று இப்போது சொன்னால் உங்களுக்கு ருசிக்கும். மீசை சேவியரின் கடைசி மகன்.

சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஞாயிறு மாலையில் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார முடியும். பிரவீன் தன் கைப்பேசியைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்திருந்தான். சொன்னபடியே நாப்கினும் இருந்தது. “எங்கப்பா இன்னமும் ஃபோன்ல வார எதையும் நம்ப மாட்டாருக்கா. மழ பெய்யுதுன்னு சொன்னாக் கைய வெளிய நீட்டிப் பாப்பாரு” என்றான். நிவேதாவுக்கு அந்த மீசைக் கதையைச் சொன்னோம். “வெயிட், பாட்டி ஃபேக் நியூஸ் போட்டாங்களா?” என்று அவள் பண்டோங் புரையேறச் சிரித்தாள். அவள் எங்கள் ஊர்க் கதை ஒன்றை முழுதாகக் கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிராட்டாவில் பாதியை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து பெனால்ட்டிக்குப் போனது. ஜோஸின் மகன் எங்கள் குழுவில் ஆடுகிறான், கடைசி அடி அவனுடையது. அவன் பந்தை வைப்பதற்குள் நேரலைப் பையனுக்குக் கை வலித்தது போலிருக்கிறது. கைப்பேசி சுற்றியிருந்த கூட்டத்தின் பக்கம் திரும்பியது. குடைகள், தொப்பிகள், சுண்டல்காரர்.

“அம்மா, தட்ஸ் பாட்டி, ரைட்? ஏன் கைல கட்டு?”

அம்மாதான். முன்வரிசையில் நாற்காலி. வலது கை முழங்கை வரை வெள்ளைக் கட்டில், கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. இடது கையால் குடையைப் பிடித்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அத்தோடு படம் நின்றுவிட்டது. பையனின் கைப்பேசி அணைந்துபோயிருக்க வேண்டும்.

நான் பிரவீனைப் பார்த்தேன். அவன் தேநீர்க் குவளைக்குள் பார்த்தான்.

“ஒனக்குத் தெரியுமா?”

“குளியலறையில வழுக்கிட்டாவ அக்கா. மூணு வாரம் இருக்கும்.” அவன் தலை நிமிரவில்லை. “ஊருல எல்லாருக்கும் தெரியும். ஒங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருந்தாரு. நீங்க வெளிய இருக்கியள்லா.”

உப்புத் தண்ணீரில் மீசையை இழந்த மனிதர்கூட அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த நேரம் பிரவீனின் கைப்பேசியில் ஊரிலிருந்து குரல்செய்தி வந்து விழுந்தது. அவன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வாயைத் திறந்தான். “நீ சொல்லாத” என்று எழுந்தேன்.

7

கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் பூக்கடைப் பக்கமாக ஒதுங்கி நின்று அப்பாவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“மக்ளே! ஜெயிச்சிட்டோம்!” என்றார். பின்னால் பேண்டு வாத்தியம் முழங்கியது. அது யாருடைய பேண்டு என்று கேட்கத் தோன்றவில்லை.

“அம்மா கை எப்பிடி இருக்கு?”

அவர் அங்கிருந்து கொஞ்சம் தள்ளிப் போனார் போலிருக்கிறது, பேண்டுச் சத்தம் குறைந்தது.

“அப்பா, நான் என்ன கடல்லயா இருக்கேன்?”

கேட்டபோதே எனக்குக் கோபம்தான். தாத்தா சுகம் என்று கேட்டுவிட்டு நாலைந்து நாள் மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் இவர். அது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்.

“எலும்பு பொட்டிட்டு மக்ளே” என்றார் கடைசியில். “பிளேட்டு வச்சிருக்கு. இப்பம் கொள்ளாம். சோறு நான்தான் ஊட்டுறேன். நான் வச்ச கறியில உப்பு இல்லன்னு சொல்லி அதுலயும் திட்டு. நீ அங்க தனியா கெடந்து கலங்குவியேன்னுதான்.”

மூன்று வாரமாகக் கெட்டிருந்த கேமரா அப்போதே சரியானது. முதலில் அப்பாவின் முகம். பிறகு அம்மா, கட்டிய கையைக் குழந்தையை ஏந்துவது போல் ஏந்திக்கொண்டு, “என்னத்துக்கு அழுவுக? ஒரு கை இருக்குல்லா” என்றாள். அவள் தோளுக்குப் பின்னால் சேவியர் நின்றார். மீசை வெளுத்திருந்தது, முறுக்கு அப்படியே இருந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தேன்.

“ஆட்டம் என்னாச்சுப்பா?”

அப்பா தன் மீசையை ஒருமுறை தடவினார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா இந்தத் தடவை கடலைப் பார்க்கவில்லை. சொல்லுங்க என்பது போலத் தலையை ஆட்டினாள்.

“தோத்துட்டோம் மக்ளே. ஓவர்.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ வருடம். அந்தப் பெட்டி எப்போதோ பரணுக்குப் போய்விட்டது. என் முறை வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“மார்ட்டினுக்கு வேல போயிட்டுப்பா. ரெண்டு மாசமாச்சு. ஓவர்.”

“அது தெரியும்” என்றார் அப்பா. “நான் மாப்ளைய எப்பம் கூப்பிட்டாலும் பின்னால தாளிக்கிற சத்தம். மத்தியான வேளையில மீன்கறி வைக்கியதுக்கு எந்தக் கம்பெனிக்காரன் சம்பளம் குடுக்கான்? நீயே சொல்லட்டும்னு இருந்தேன். ஓவர்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடக்கி வைத்திருந்த மற்றதெல்லாமும் வந்தது. அட்டையைச் சொன்னேன். இனிமையாக ‘இல்லை’ என்று வந்த பதிலைச் சொன்னேன். விடிகாலையில் மார்ட்டின் எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். நிவேதா வெளியே வந்து, பிரவீனின் நாப்கினை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். நான் முடித்தபிறகும் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. மூன்று முகமும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அப்பா? கேக்கியளா? ஏன் ஒண்ணும் பேசல?”

“நீ இன்னும் ஓவர் சொல்லல்லியே, மக்ளே.”